ஒரே படகில் ஏறிய ஐந்து பேர்... 500 யானைகள்... செல்யூகஸ் நிகேட்டரின் கதை!

சடையங்குப்பத்தில் எங்க தெரு முனை டீக்கடைக்கு தினமும் காலையில் ஒரு பெரியவர் வருவார். ஏரியாவில் எல்லோருக்கும் அவர் நைனாதான். ஹார்பரில் கப்பலுக்குக் கயிறு கட்டுற வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். வலது கையில், முழங்கைக்குக் கீழே நங்கூரம் பச்சை குத்தியிருப்பார். இளவட்டமா இருக்கும்போது குத்தினது. இப்போ தோல் சுருங்கி, நங்கூரமும் கொஞ்சம் கோணலாகிவிட்டது.

போன வாரம் பேச்சுவாக்கில், பிறக்கும்போதே தொடையில் நங்கூர மச்சத்தோடு பிறந்த ஒரு ராஜா இருந்தார் நைனா என்று சொல்லிவைத்தேன். டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, அது யாருப்பா என்று கேட்டார். அவரிடம் அரைமணி நேரம் சொன்ன கதையைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

அந்த ராஜா செல்யூகஸ் நிகேட்டர். பெயரைக் கேட்டதும் ஸ்கூல் வரலாற்றுப் புத்தகம் ஞாபகம் வருதா? சந்திரகுப்த மௌரியரோடு மோதி, நிலத்தை விட்டுக்கொடுத்து, மெகஸ்தனிஸைத் தூதராக அனுப்பியவர். நமக்கு அவர் தோற்றுப்போன ஒரு கிரேக்கர், அவ்ளோதான். ஆனால், நிகேட்டர் என்ற பட்டத்துக்கு கிரேக்க மொழியில் வெற்றியாளர் என்று அர்த்தம். நம்ம புத்தகத்தில் தோற்றவர், அவங்க புத்தகத்தில் ஜெயித்தவர். ரெண்டுமே உண்மைதான்.

மாசிடோனியாவில் யூரோப்பஸ் என்கிற சின்ன ஊரில், கி.மு. 358 வாக்கில் பிறந்தவர். அப்பா ஆன்டியோக்கஸ், ராஜா பிலிப்பின் படையில் அதிகாரி. அம்மா லவோதிகே. அம்மாவுக்கு ஒரு கனவு வந்ததாம். அப்பல்லோ தெய்வம் வந்து நங்கூரம் செதுக்கிய மோதிரம் கொடுத்ததாம். பிள்ளை நங்கூர மச்சத்தோடு பிறந்ததாம். ராஜாவான பிறகு கட்டிவிட்ட கதையாகத்தான் இருக்கும்! ஆனால், அவர் அடித்த காசுகளில் நங்கூரம் இருப்பது கதையல்ல. அந்தக் காசுகள் இன்றைக்கும் இருக்கின்றன.

ஆள் பயங்கர பலசாலி. ஒருமுறை அலெக்சாண்டர் பலி கொடுக்கவிருந்த காளை கயிற்றை அறுத்துக்கொண்டு ஓட, செல்யூகஸ் வெறுங்கையால் பிடித்து நிறுத்தினாராம். அதனால்தான் அவர் சிலைகளில் கொம்பு வைத்தார்கள் என்பார்கள். நம்ம ஊர்க்காரராக இருந்திருந்தால் வாடிவாசலில் நின்றிருப்பார்.

ஜீலம் நதியில் ஒரு மழை ராத்திரி

கி.மு. 326. பஞ்சாபில் ஜீலம் நதிக்கு அந்தப் பக்கம் போரஸ் ராஜா யானைப் படையோடு காத்திருக்கிறார். இந்தப் பக்கம் அலெக்சாண்டர். இடியும் மழையுமான ஒரு ராத்திரியில், எதிரிக்குத் தெரியாமல் ஆற்றைக் கடக்கிறார்கள். முப்பது துடுப்பு போட்ட ஒரு படகில் அலெக்சாண்டர் ஏறுகிறார். கூடவே அவருடைய மெய்க்காவலர்கள் தாலமி, பெர்டிக்காஸ், லிசிமாக்கஸ். அப்புறம், காலாட்படைத் தளபதி செல்யூகஸ்.

இந்த ஐந்து பேரையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் படகு அன்றைக்கு ஆற்றில் கவிழ்ந்திருந்தால், அடுத்த முந்நூறு வருஷ உலக வரலாறே வேற மாதிரி ஆகியிருக்கும்.

கரை ஏறியதும் யானைகளை எதிர்த்துச் சண்டை போட்டதில் செல்யூகஸின் வீரர்களும் இருந்தார்கள். யானை ஒரு படையை என்ன பண்ணும் என்பதை அவர் கண்ணால் பார்த்தார். இருபத்தஞ்சு வருஷம் கழித்து அது உதவிக்கு வரப்போகிறது.

இரண்டு வருஷம் கழித்து, சூசா நகரில் அலெக்சாண்டர் தன் தளபதிகளுக்கு மொத்தமாக ஆசியப் பெண்களைக் கட்டிவைத்தார். செல்யூகஸுக்கு அமைந்தவர் அபாமா. மத்திய ஆசியாவில் அலெக்சாண்டரைத் தண்ணி காட்டி அலையவிட்ட ஸ்பிடாமினிஸின் மகள். தன் அப்பாவை எதிர்த்துப் போரிட்ட படையிலேயே ஒருவரைக் கட்டிக்கொள்ள வேண்டிய நிலைமை அந்தப் பெண்ணுக்கு. அலெக்சாண்டர் கண்ணை மூடியதும் மற்ற தளபதிகளில் பெரும்பாலானோர் அந்த மனைவிகளைக் கைகழுவிவிட்டார்கள். செல்யூகஸ் அபாமாவை விடவில்லை. அவர்களுடைய மகன் ஆன்டியோக்கஸ்தான் பின்னால் வாரிசு. பல ஊர்களுக்கு அபாமியா என்று மனைவி பெயரையே வைத்தார்.

பங்காளிச் சண்டை

கி.மு. 323 ஜூன் மாதம், பாபிலோனில் அலெக்சாண்டர் இறந்துபோனார். வயது 32. வாரிசு என்று சொல்ல ஒரு மனவளர்ச்சி இல்லாத சகோதரர், இன்னும் பிறக்காத ஒரு குழந்தை. கிரீஸிலிருந்து சிந்து நதி வரைக்கும் சொத்து. உயில் கிடையாது. அப்புறம் என்ன நடக்கும்? நம்ம ஊரில் அரை கிரவுண்டு நிலத்துக்கே அண்ணன் தம்பி கோர்ட்டுக்குப் போகிறோம்.

முதல் பாகப்பிரிவினையில் எகிப்தை தாலமி எடுத்துக்கொண்டார். ஐரோப்பாவில் திரேஸ் பகுதி லிசிமாக்கஸுக்கு. துருக்கியின் நடுப்பகுதி ஒற்றைக்கண் ஆன்டிகோனஸிடம். மொத்தத்துக்கும் கார்டியனாக பெர்டிக்காஸ். செல்யூகஸுக்கு நிலமே கிடையாது. குதிரைப்படைத் தளபதி என்ற பதவி மட்டும்தான்.

தாலமியை அடக்க பெர்டிக்காஸ் எகிப்துக்குப் படையெடுத்தபோது செல்யூகஸும் கூடப் போனார். நைல் நதியைக் கடக்கணும். வேகத்தைக் குறைக்க, மேல்பக்கம் யானைகளை வரிசையாக ஆற்றில் நிறுத்தினார்கள். யானைக்கால் பட்டு அடி மணல் கலைந்து, கொஞ்ச நேரத்தில் ஆழம் கூடிவிட்டது. எண்ணூர் முகத்துவாரத்தில் மணல் எப்படி இடம் மாறும் என்று தெரிந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். இரண்டாயிரம் பேருக்கு மேல் செத்தார்கள். அதில் பாதிப் பேர் முதலைக்கு இரை. அன்றைக்கு ராத்திரியே, கொதித்துப்போயிருந்த அதிகாரிகள் சிலர் பெர்டிக்காஸின் கூடாரத்துக்குள் புகுந்து கொன்றார்கள். அதில் ஒருவர் செல்யூகஸ்.

படகில் போன ஐந்து பேரில் இரண்டு பேர் போயாச்சு.

அதற்கப்புறம் நடந்த இரண்டாவது பாகப்பிரிவினையில்தான் செல்யூகஸுக்கு பாபிலோன் கிடைத்தது. நல்ல ஊர், ஆனால் பெரிய படை கிடையாது. கி.மு. 316-இல் ஒற்றைக்கண் ஆன்டிகோனஸ் பெரும்படையோடு அங்கே வந்தார். வரவு செலவுக் கணக்கைக் காட்டு என்றார். இது எனக்கு மாசிடோனியர்கள் கொடுத்த பரிசு, உனக்கு எதுக்கு நான் கணக்கு காட்டணும் என்று செல்யூகஸ் மறுத்தார். வாய் தகராறு முற்றியது. நின்றால் தலை போகும் என்று புரிந்ததும், ஐம்பது குதிரை வீரர்களோடு ராத்திரியோடு ராத்திரியாக எகிப்துக்கு ஓடிவிட்டார். தப்பிவிட்டார் என்று ஆன்டிகோனஸுக்கு முதலில் சந்தோஷம்தானாம். பிறகு பாபிலோன் ஜோசியர்கள் வந்து, இவரைத் தப்பவிட்டால் ஆசியா முழுக்க இவர் கைக்குப் போகும், உங்கள் உயிரும் இவரால் போகும் என்று சொல்ல, ஆள் விட்டுத் துரத்தினார். பிடிக்க முடியவில்லை.

கி.மு. 312-இல் காஸாவில் தாலமியும் செல்யூகஸும் சேர்ந்து, ஆன்டிகோனஸின் மகன் டெமிட்ரியஸைத் தோற்கடித்தார்கள். இன்றைக்குச் செய்தியில் தினமும் வருகிற அதே காஸாதான். அந்த வெற்றிக்குப் பிறகு செல்யூகஸ் தாலமியிடம் கேட்டது கொஞ்சம் ஆட்களை மட்டும்தான். கிடைத்தது ஆயிரம் பேர். அதை வைத்துக்கொண்டு பாபிலோனைத் திரும்பப் பிடிக்கக் கிளம்பினார்.

போகிற வழியில் ஒரு கல்லில் கால் இடறியது. கல்லை எடுத்துப் பார்த்தால், கீழே மண்ணுக்குள் ஒரு நங்கூரம் கிடந்ததாம். சகுனம் பார்ப்பவர்கள், நங்கூரம் என்றால் தாமதம், காரியம் ஆகாது என்றார்கள். கூட வந்த ஒருவர் மட்டும், நங்கூரம் என்றால் தாமதம் இல்லை, பத்திரம் என்றார். இதை நான் சொன்னபோது நைனா சிரித்தார். இரண்டும் ஒண்ணுதானே கண்ணு என்றார். புயல் எச்சரிக்கை வரும்போது கப்பல் கரையில் கட்டியிருந்தால்தான் ஆபத்து, நடுக்கடலுக்குப் போய் நங்கூரம் போட்டுவிட்டால் பிழைத்துக்கொள்ளும். சரக்கு லேட்டாகும், கப்பல் மிஞ்சும் என்றார்.

பாபிலோன் மக்கள் அவரை வரவேற்றார்கள். முன்பு அங்கே நாலு வருஷம் ஜனங்களிடம் நல்ல பெயர் எடுத்திருந்தார். அது இப்போது வட்டியோடு திரும்பி வந்தது. அவரை நசுக்க நிக்கானோர் என்ற தளபதி பதினேழாயிரம் பேரோடு வந்தார். செல்யூகஸிடம் மூவாயிரத்துச் சொச்சம்தான். டைக்ரிஸ் நதிக்கரைச் சதுப்பு நிலத்தில் ஒளிந்திருந்து ராத்திரியில் அடித்தார். நிக்கானோரின் படையில் பாதி இவர் பக்கமே வந்து சேர்ந்துவிட்டது.

இந்தத் திரும்பி வந்த காலத்திலிருந்துதான் ஒரு புது வருஷக் கணக்கு ஆரம்பித்தது. அதுவரை ஒவ்வொரு ராஜா வரும்போதும் ஆண்டு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். திருவொற்றியூர் கோயில் சுவரில் இருக்கிற சோழர் கல்வெட்டுகளும் இத்தனையாவது ஆட்சியாண்டு என்றுதானே சொல்கின்றன? செல்யூகஸ் இறந்த பிறகும் அவருடைய கணக்கை யாரும் நிறுத்தவில்லை. ராஜா மாறினாலும் எண் ஓடிக்கொண்டே இருந்தது. வருஷத்துக்கு ஒரு நம்பர் போட்டு இடைவிடாமல் எண்ணிக்கொண்டே போகிற, நாம இன்றைக்கும் செய்கிற வேலைக்கு முன்னோடி அதுதான்.

நிலத்தைக் கொடு... யானையை எடு!

அடுத்த சில வருஷங்களில் ஈரான், மத்திய ஆசியா என்று கிழக்கே பிடித்துக்கொண்டே வந்தவர், கி.மு. 305 வாக்கில் சிந்து நதியைத் தாண்டினார். அலெக்சாண்டர் பார்த்தபோது அங்கே ஆளுக்கொரு சின்ன ராஜா இருந்தார்கள். இப்போது இருந்தவர் ஒரே ஒருவர், சந்திரகுப்த மௌரியர்.

இங்கேதான் செல்யூகஸின் குணம் தெரிகிறது. அவர் முதுகுக்குப் பின்னால், மேற்கே, ஆன்டிகோனஸ் நாளுக்கு நாள் பெருத்துக்கொண்டிருந்தார். இந்தியாவில் மல்லுக்கட்டிக்கொண்டு நின்றால் வீடு போய்விடும். அதனால் உட்கார்ந்து பேசினார். காந்தகார், காபூல் பக்கத்துப் பகுதிகளை எல்லாம் சந்திரகுப்தருக்கு விட்டுக்கொடுத்தார். இரண்டு குடும்பங்களுக்கும் நடுவே திருமண உறவு ஒப்பந்தம். பதிலுக்கு வாங்கியது 500 யானைகள்.

நிலத்தைக் கொடுத்துவிட்டு மிருகத்தை வாங்கினாரே, ஏமாந்தாரா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவரால் காப்பாற்ற முடியாத இடத்தைக் கொடுத்துவிட்டு, வேறு யாரிடமும் இல்லாத ஒன்றை வாங்கினார்.

ஆனால், அந்த யானைகளைக் கொண்டுபோனதுதான் பெரிய கதை. சிந்து நதியிலிருந்து துருக்கியின் நடுப்பகுதி வரை, பல ஆயிரம் கிலோமீட்டர் நடை. ஒரு யானைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 150 கிலோ தீனி. 500 யானைக்கு 75 டன். எடைக் கணக்கில் பார்த்தால், நம்ம ரோட்டில் வரிசை கட்டி நிற்கிற கன்டெய்னர் லாரியில் தினமும் மூன்று லோடு! தண்ணீர் தனி. வழியில் பாலைவனம், மலை, கப்படோசியாவின் பனிக்காலம். பாகன்களும் இங்கிருந்து போனவர்கள்தான். யானையோடு பேசுகிற பாஷை அவர்களுக்குத்தானே தெரியும்? வரலாற்றில் அவர்கள் ஒருவரின் பெயர்கூட இல்லை.

கி.மு. 301. இப்சஸ் போர்க்களம். ஒரு பக்கம் 81 வயது ஆன்டிகோனஸும் மகன் டெமிட்ரியஸும், 75 யானைகளோடு. எதிரே செல்யூகஸும் லிசிமாக்கஸும், 400-க்கு மேல் யானைகளோடு. டெமிட்ரியஸ் தன் குதிரைப்படையோடு பாய்ந்து, எதிரே வந்த செல்யூகஸின் மகன் ஆன்டியோக்கஸை விரட்டிக்கொண்டே வெகுதூரம் போய்விட்டார். திரும்பிப் பார்த்தால் நடுவில் யானைச் சுவர். யானை வாடையே பழக்கமில்லாத குதிரைகள் கிட்டவே வராது. மகன் வந்துவிடுவான் என்று கடைசி நிமிஷம் வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்ற கிழவர், ஈட்டி மழையில் விழுந்தார். பாபிலோன் ஜோசியம் பலித்ததோ இல்லையோ, பஞ்சாபில் அன்று படித்த பாடம் பலித்தது.

அலெக்சாண்டரின் முழுச் சொத்தையும் ஒரே கையில் வைத்துக்கொள்ளும் கனவு அன்றோடு போனது. கிரேக்க உலகம் பல நாடுகளாக உடைந்தது. உடைத்ததில் பெரிய பங்கு மௌரியர் யானைகளுக்கு.

மெகஸ்தனிஸ் பாடலிபுத்திரத்துக்கு வந்ததும் இந்த நட்பால்தான். அவர் எழுதியதில் நம்ம பாண்டிய நாடும் வருகிறது. ஒரு பெண் ஆண்ட நாடு, 365 ஊர்கள், நாளுக்கு ஓர் ஊர் அரண்மனைக்குத் திறை கட்டும் என்று எழுதிவைத்தார். தெற்கே முத்து எடுக்கும் கதையும் அவருக்கு எட்டியிருந்தது.

இப்சஸுக்குப் பிறகு இன்னொரு விட்டுக்கொடுத்தல். போருக்கே வராத தாலமி, தெற்கு சிரியாவை அமுக்கிக்கொண்டார். உரிமைப்படி அது செல்யூகஸுக்கு. ஓடி வந்தபோது சோறு போட்டவன் என்று செல்யூகஸ் சண்டைக்குப் போகவில்லை. ஆனால், உரிமையை விட்டேன் என்றும் சொல்லவில்லை. வாரிசுகள் காலத்தில் அதே நிலத்துக்காக ஆறு போர்கள் நடந்தன.

மூன்றாவதுதான் இன்றைக்கும் வாயைப் பிளக்க வைப்பது. அறுபதை நெருங்கும் வயதில், டெமிட்ரியஸின் மகள் ஸ்ட்ராடோனிஸை செல்யூகஸ் கல்யாணம் செய்தார். சின்னப் பெண். கொஞ்ச நாளில் மகன் ஆன்டியோக்கஸ் காரணமே தெரியாமல் படுத்த படுக்கையானார். எராசிஸ்ட்ராடஸ் என்ற வைத்தியர், சித்தி அறைக்குள் வரும்போதெல்லாம் நாடி எகிறுவதைக் கவனித்து விஷயத்தைக் கண்டுபிடித்தார் என்கிறது கதை. செல்யூகஸ் படையைக் கூட்டி, ஸ்ட்ராடோனிஸை மகனுக்கே கட்டிவைத்து, கிழக்குப் பகுதிக்கு அவரைக் கூட்டு ராஜாவாகவும் ஆக்கினார். அந்தக் காலத்திலிருந்து இதை ஒரு தகப்பனின் தியாகம் என்றே எழுதுகிறார்கள். ஏற்கெனவே ஒரு குழந்தைக்குத் தாயாகியிருந்த ஸ்ட்ராடோனிஸிடம் யாராவது கேட்டார்களா என்று எழுதியவர் யாருமில்லை. தகப்பனுக்கும் மகனுக்கும் நடுவே அடுத்த பங்காளிச் சண்டை வராமல் தடுத்த ஏற்பாடு என்றும் இதைச் சொல்லலாம்.

எல்லாம் சரி... ஊர்?

கி.மு. 281. தாலமி எகிப்தில் வயதாகி, அமைதியாக இறந்துவிட்டார். படகில் போனவர்களில் மிச்சம் இரண்டு பேர். செல்யூகஸ், லிசிமாக்கஸ். இருவருக்குமே எண்பது வயசுக்குப் பக்கம். லிசிமாக்கஸ் குடும்பத் தகராறில் பெற்ற மகனையே கொன்றுவிட, மருமகள் பிள்ளைகளோடு செல்யூகஸிடம் அடைக்கலம் கேட்டு வந்தார். கூடவே அந்த மருமகளின் அண்ணன் தம்பிகளில் ஒருவரும் வந்தார். தாலமி கெரானஸ். எகிப்து தாலமியின் மூத்த மகன். அப்பா பட்டத்தைத் தராமல் ஒதுக்கிவைத்த பிள்ளை. பழைய நண்பன் மகன் என்று செல்யூகஸ் கூடவே வைத்துக்கொண்டார்.

குருபீடியம் என்ற இடத்தில் இரண்டு கிழவர்களும் மோதினார்கள். லிசிமாக்கஸ் களத்திலேயே விழுந்தார். கடைசியாக மிஞ்சியவர் செல்யூகஸ்.

இத்தோடு அவர் நின்றிருக்கலாம். ஆசியாவை மகனிடம் கொடுத்துவிட்டு, மாசிடோனியாவுக்குப் போய் மிச்ச நாளைக் கழிக்கணும் என்று ஆசைப்பட்டார். இருபது வயசு சொச்சத்தில் அலெக்சாண்டர் பின்னால் கிளம்பியவர், ஐம்பத்து மூன்று வருஷமாக ஊர் மண்ணை மிதிக்கவில்லை. எங்க பக்கத்தில் பர்மா நகர் என்றே ஒரு இடம் இருக்கிறது. பர்மாவிலிருந்து வந்தவர்கள் குடியேறிய பகுதி. அங்கேயிருக்கிற வயசானவர்களிடம் ரங்கூன் பேச்சை எடுத்துப் பாருங்கள், அந்தக் கண்ணில் ஒரு வெளிச்சம் வரும். விட்டுவந்த ஊர் அப்படித்தான் இழுக்கும். இந்தியாவை விட்டார், சிரியாவில் பாதியை விட்டார், மனைவியையே விட்டார். யூரோப்பஸை மட்டும் விட முடியவில்லை.

கடலைத் தாண்டி ஐரோப்பாவில் கால் வைத்தாயிற்று. லிசிமாக்கியா ஊருக்குப் பக்கத்தில் ஒரு பழைய பலிபீடம். யார் கட்டியது, என்ன கதை என்று ஆர்வமாக விசாரித்துக்கொண்டு நின்றார். பின்னாலிருந்து கெரானஸ் கத்தியைப் பாய்ச்சினான். 77 வயதில் கதை முடிந்தது. ஊர் போய்ச் சேரவில்லை.

உடல் கெரானஸிடம் மாட்டிக்கொண்டது. பெர்கமம் கோட்டையை ஆண்ட பிலெடேரஸ் பெரிய தொகை கொடுத்து அதை விலைக்கு வாங்கி, எரித்து, சாம்பலை மகனுக்கு அனுப்பிவைத்தார். ஆன்டியோக்கஸ் அதை, அப்பா தன் பெயரில் கட்டிய துறைமுக நகரமான செலூசியாவில் அடக்கம் செய்து கோயில் எழுப்பினார். இன்றைக்கு அது துருக்கிக் கடற்கரை. கெரானஸ் மாசிடோனிய ராஜா ஆனான். இரண்டே வருஷம். வடக்கிலிருந்து வந்த கால் இனத்தவர்கள் அவன் தலையை ஈட்டியில் செருகி எடுத்துக்கொண்டு போனார்கள்.

இந்தியாவோடு செல்யூகஸ் போட்ட உறவு மட்டும் அறுபடவில்லை. சந்திரகுப்தரின் மகன் பிந்துசாரர், ஆன்டியோக்கஸிடம் ஒயினும் காய்ந்த அத்திப்பழமும் ஒரு தத்துவ ஞானியும் விலைக்குக் கேட்டாராம். முதல் இரண்டும் வந்தன. ஞானியை விற்க எங்கள் சட்டத்தில் இடமில்லை என்று பதில் வந்தது. அசோகர் தன் கல்வெட்டில் நட்பு நாடுகளைச் சொல்லும்போது செல்யூகஸின் பேரனைக் குறிப்பிடுகிறார். அதே கல்வெட்டில்தான் சோழரும் பாண்டியரும் வருகிறார்கள்.

எல்லாம் கேட்டு முடித்த நைனா ஒரே கேள்விதான் கேட்டார். அந்த யானைங்க என்னாச்சு?

சிரியாவில் அபாமியாவில் அவற்றுக்கு லாயம் இருந்தது என்று சொன்னேன். பின்னாளில் அதே கால் இனத்தவர்கள் ஆன்டியோக்கஸ் மேலேயும் பாய்ந்தார்கள். அவரிடம் ஆள் குறைவு. 16 யானைகளை முன்னால் விட்டார். எதிரியின் குதிரைகள் மிரண்டு சிதறின. போர் ஜெயித்தது. வீரர்கள் கொண்டாடியபோது ஆன்டியோக்கஸ், நம்ம உயிர் இந்தப் பதினாறு மிருகத்தால் பிழைத்ததே என்று வெட்கப்பட்டு அழுதாராம். வெற்றிச் சின்னத்தில் தன் உருவமோ பெயரோ வேண்டாம், யானையை மட்டும் செதுக்குங்கள் என்று சொல்லிவிட்டார்.

நைனா தலையை ஆட்டிவிட்டு இன்னொரு டீ சொன்னார்.